உங்கள் தெருவுக்கு மதுக்கடை வருகிறதா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சும்மா கிடந்த ஒரு கட்டிடத்தில் திடீரென்று கம்பி வலை அடிக்கிறார்கள். முன்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு விடுகிறார்கள். என்ன வரப்போகிறது என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான ஊர்களில் மக்கள் அந்த நாளில் எதுவும் செய்வதில்லை. கடை திறந்து, சாயங்காலம் பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து வர முடியாத நிலை வந்த பிறகுதான் கூடுகிறார்கள். கூடியதும் சாலை மறியல். மறியல் செய்தவர்கள்மீது வழக்குப் பதிவாகிறது, கடை அப்படியே இருக்கிறது.

மதுக்கடையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. அந்த விதி இரண்டு விஷயங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது: தூரம் எத்தனை மீட்டர், எது முதலில் வந்தது. ஆகவே கடை திறக்கும் முன்பே அளந்து, எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கும் ஊருக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தச் சட்டம், எந்த விதி

அடிப்படைச் சட்டம் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். பெயரிலேயே மதுவிலக்கு இருக்கிறது. 1971-இல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டு மொத்த விற்பனையைக் கையில் எடுத்தது. சில்லறை விற்பனை 2003 நவம்பர் வரை தனியாரிடம் இருந்தது, அப்புறம் அதுவும் டாஸ்மாக்கின் கைக்குப் போனது.

உங்களுக்குத் தேவைப்படுவது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் இரண்டு விதித் தொகுப்புகள். டாஸ்மாக் கடைகளுக்கும் அவற்றோடு ஒட்டிய பார்களுக்கும் 2003-ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகள். கிளப், நட்சத்திர ஹோட்டல் போன்றவற்றுக்கு 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகள். மனு எழுதும்போது இரண்டையும் குழப்பிவிட்டால், “இது எங்கள் பிரிவு அல்ல” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சமீப ஆண்டுகளில் நடந்த மாற்றங்களையும் தெரிந்து வைத்திருங்கள். 2016-இல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்குத் தள்ளிப்போனது, மூடுவது இரவு 10. அதே ஆண்டில் 500 கடைகளும், 2017-இல் இன்னொரு 500 கடைகளும், 2023 ஜூனில் மேலும் 500 கடைகளும் மூடப்பட்டன. கடைசியாகச் சொன்னதோடு மாநிலத்தில் கடைகள் 5,329-லிருந்து 4,829 ஆகக் குறைந்தன. எண்ணிக்கை குறைவது நல்ல செய்திதான். ஆனால் ஒரு ஊரில் மூடிய கடையின் கூட்டம் பக்கத்து ஊர்க் கடைக்குத்தான் போகிறது, அங்கே நெரிசல் கூடியதும் புது இடம் தேடுவார்கள். அதனால் பக்கத்து ஊரில் கடை மூடுகிறார்கள் என்ற செய்தி வந்தால் உங்கள் ஊரும் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதல் படி: உங்கள் இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது?

2003 விதிகளில் 8-ஆம் விதி சொல்வது இதுதான்: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம் அல்லது கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற எல்லாப் பகுதிகளிலும் 100 மீட்டர்.

நம் மாவட்டத்துக்கு இந்த இரண்டாவது வரி மிகவும் முக்கியம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை வீடும் கடையும் இடைவெளியே இல்லாமல் தொடர்வதால் எல்லாமே டவுன் மாதிரித் தெரியும். ஆனால் உள்ளாட்சிக் கணக்கில் நாகர்கோவில் ஒன்றுதான் மாநகராட்சி, அதுவும் 2019-இல் தரம் உயர்ந்தது. பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்றவை நகராட்சிகள். மாவட்டத்தின் பெரும்பகுதி பேரூராட்சிகள், மீதி ஊராட்சிகள். பேரூராட்சி, நகராட்சி ஆகாது. அங்கே 100 மீட்டர் விதிதான் பொருந்தும். “டவுன் ஏரியா, 50 மீட்டர் போதும்” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், எந்த உள்ளாட்சி என்று அதிலேயே இருக்கும். அண்மையில் நாகர்கோவிலோடு சேர்க்கப்பட்ட பகுதிகளிலோ, நகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊர்களிலோ இருப்பவர்கள், கடை வந்த தேதியில் அந்த இடம் எந்த உள்ளாட்சியாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அளப்பது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். முழு மனுவும் இதன்மேல்தான் நிற்கிறது.

கூகுள் மேப்பில் இரண்டு புள்ளி வைத்து வரும் நேர்கோட்டுத் தூரம் செல்லாது. கடை வாசலின் நடுவிலிருந்து, மக்கள் வழக்கமாக நடந்துபோகிற மிக அருகிலான பாதை வழியாக, பள்ளி அல்லது வழிபாட்டுத் தலத்தின் அருகிலுள்ள வாசல் வரை அளக்க வேண்டும். சுற்றுச்சுவர் இருந்தால் அந்தச் சுவரின் கேட், கட்டிடத்தின் கதவு அல்ல. நம் ஊர்த் தேவாலயங்களுக்கு முன்னால் பெரிய வளாகம் இருக்கும். அதிகாரிகள் ஆலயக் கதவு வரை அளந்துகொண்டு போனால் வளாகத்தின் நீளமும் தூரக் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கேதான் பல மனுக்கள் தோற்றுப்போகின்றன.

பள்ளிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று கேட் உண்டு. எது கடைக்குப் பக்கமோ அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கேட்டை எப்போதும் பூட்டியே வைத்திருந்தால், அது வழக்கமான பாதை இல்லை என்று எதிர்த் தரப்பு சொல்லும். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் அந்தக் கேட் வழியே போய் வருவதைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். இங்கே தோப்புகளுக்கு நடுவே, ஓடைக் கரையில் எத்தனையோ ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. மக்கள் தினமும் நடக்கிற பாதை என்றால் அதையும் காட்டலாம், ஆனால் அது பொதுப் பாதை என்பதற்கு ஊராட்சி அல்லது கிராம நிர்வாக அலுவலகப் பதிவில் ஆதாரம் இருந்தால்தான் வலு.

மேஸ்திரிகள் வைத்திருக்கும் நீள அளவு நாடாவால் மூன்று நான்கு பேர் முன்னிலையில் அளங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாடாவின் எண் தெரிய ஒரு படம். கையால் ஒரு வரைபடம் போட்டு, அளந்தவர்களும் பார்த்தவர்களும் கையெழுத்திடுங்கள். 96, 97 மீட்டர் என்று எல்லையை ஒட்டி வந்தால் அதை மறைக்காமல் வந்த அளவையே எழுதுங்கள். அலுவலர்கள் வந்து மறுபடி அளக்கத்தான் போகிறார்கள், அப்போது உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாம் படி: விதிவிலக்குகளை நீங்களே முதலில் பாருங்கள்

மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடமாக இருந்தால் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. மார்க்கெட் மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒரு இடம் வணிகப் பகுதி ஆகிவிடாது. அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் நில வகைப்பாடு வேண்டும். அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கடை இருந்த பிறகு வந்த பள்ளிக்கோ கோயிலுக்கோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே பள்ளி அங்கீகார ஆணை, ஆலயத்தின் பழைய வரி ரசீது, கும்பாபிஷேகம் அல்லது பிரதிஷ்டை நடந்த ஆண்டைக் காட்டும் பதிவு என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவதுதான் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். ஒவ்வொரு முக்கிலும் ஒரு குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்), மாடன் கோயில், அய்யாவழி நிழல்தாங்கல் இருக்கும். பக்தியில் பெரிதும் சிறிதும் கிடையாது. ஆனால் விதியின் பார்வையில் வழிபாட்டுத் தலம் என்று நிரூபிக்கப் பதிவும் ஆவணமும் தேவைப்படுகிறது. சாலையோரக் குருசடியை மட்டும் நம்பி மனு போட்டால் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். அருகில் அங்கீகாரம் பெற்ற பள்ளி, பதிவுள்ள ஆலயம், பள்ளிவாசல், அறநிலையத் துறைக் கோயில் எது இருந்தாலும் அதை முதலில் வையுங்கள். குருசடியையும் நிழல்தாங்கலையும் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலை வாதத்தைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு தொடர்புடைய வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளுக்கு 220 மீட்டர் என்று தளர்த்தியது. அந்த ஏப்ரலில் மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. ஆனால் ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்கு இந்தத் தடை இல்லை என்று விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரியில், நகரம் போல வளர்ந்த ஊராட்சிகள் எவை என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆகவே களியக்காவிளை–நாகர்கோவில் சாலையோரக் கடையை எதிர்ப்பவர்கள் நெடுஞ்சாலை வாதத்தை மனுவின் கடைசியில் ஒரு பத்தியாகச் சேருங்கள். அதை மட்டுமே நம்பி இறங்காதீர்கள்.

நான்காம் படி: கட்டிட உரிமையாளரைப் பாருங்கள்

சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தப் படிதான் பல ஊர்களில் வேலையை முடித்துவைக்கும் என்பது என் எண்ணம். டாஸ்மாக் பெரும்பாலும் தனியார் கட்டிடத்தை வாடகைக்குத்தான் எடுக்கிறது. அந்த உரிமையாளர் உங்கள் ஊர்க்காரராகவோ, ஊர்க்காரரின் உறவினராகவோ இருப்பார். பங்குப் பேரவை, அன்பியங்கள், சேகரக் கமிட்டி, ஜமாஅத், கோயில் ஊர்வகை, மகளிர் குழு என்று எல்லாத் தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் சேர்ந்து போங்கள். மிரட்டல் வேண்டவே வேண்டாம். சண்டை போட்டால் அவர் வீம்புக்காகவே கொடுப்பார், புகாரும் உங்கள்மீது திரும்பும். வாடகைதான் பிரச்சினை என்றால் வேறு வாடகைதாரரைத் தேடிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐந்தாம் படி: மனு

கடையை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அதனால் மனு அவர் பெயருக்கே போக வேண்டும். நகல்களை உதவி ஆணையர் (கலால்), டாஸ்மாக் மாவட்ட மேலாளர், உங்கள் வட்டாட்சியர், காவல் நிலையம் ஆகிய இடங்களுக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். அந்த எண் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் ஒப்புகை வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் பதிவு செய்யலாம்.

மனுவில் கோபம் குறைவாகவும் விவரம் நிறைவாகவும் இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்:

“ஐயா/அம்மையீர், ______ வட்டம், ______ பேரூராட்சி, ______ தெருவில், கதவு எண் ______ கட்டிடத்தில் டாஸ்மாக் மதுபானக் கடை அமைக்க ஏற்பாடு நடக்கிறது. இந்தக் கட்டிடத்தின் வாசலிலிருந்து ______ பள்ளியின் கிழக்கு வாசல் வரை, மக்கள் நடக்கும் பாதை வழியாக ______ மீட்டர் தூரமே உள்ளது. இப்பள்ளி ______ ஆண்டு முதல் அங்கீகாரத்துடன் இயங்குகிறது. இப்பகுதி வணிகப் பகுதியாக வகைப்படுத்தப்படவில்லை. எனவே இது 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகளின் 8-ஆம் விதிக்கு முரணானது. மனுதாரர்கள் முன்னிலையில் தூரத்தை அளந்து, கடைக்கு அனுமதி மறுத்து ஆணையிடுமாறு வேண்டுகிறோம். இணைப்பு: வரைபடம், புகைப்படங்கள், அங்கீகார ஆணை நகல், நில வகைப்பாட்டு நகல்.”

“மனுதாரர்கள் முன்னிலையில்” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வந்து அளந்து போய்விட்டால், அப்புறம் அந்த அளவோடுதான் காலம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கையெழுத்துகளைப் பெயர், வீட்டு எண்ணோடு தெளிவாக வாங்குங்கள். ஆயிரம் கிறுக்கலைவிட அடையாளம் தெரிகிற ஐம்பது பேர் மேல். பள்ளித் தலைமையாசிரியரும் ஆலயப் பொறுப்பாளரும் தங்கள் முகவரித் தாளில் தனித்தனியாக ஒரு மனு கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி: தகவல் உரிமை, தீர்மானம்

மனு கொடுத்த அன்றே டாஸ்மாக் மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகக் கலால் பிரிவுக்கும் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். கேட்க வேண்டியவை: இடத்தை ஆய்வு செய்த அறிக்கை, தூரம் அளந்த வரைபடம், வட்டாட்சியர் அறிக்கை, கட்டிட வாடகை ஒப்பந்தத் தேதி. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கடை வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்ட நகலை வாங்குங்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தீர்மானம் மட்டுமே கடையைத் தடுத்துவிடாது. ஆனால் எதிர்ப்பு நான்கு பேருடையது அல்ல, ஊருடையது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஏழாம் படி: நீதிமன்றம்

ஆட்சியர் மனுவைக் கிடப்பில் போட்டாலோ, தவறான அளவைக் காட்டி மறுத்தாலோ, நமக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று ஆட்சியருக்கு உத்தரவிடக் கேட்பதுதான் முதல் கட்டம். அதற்கு உங்கள் மனு நகலும் ரசீதும்தான் அடிப்படை. நேரே நீதிமன்றம் போனால், முதலில் ஆட்சியரிடம் கேட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுக்கடையால் அதிகம் அடிபடுவதும் அவர்கள்தான். ஆகவே மனுதாரராக ஒரு பெண் முன்வந்தால் ஊருக்கே வழி திறக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

போராட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவல்துறை அனுமதியோடு ஆர்ப்பாட்டம் நடத்துங்கள், உண்ணாவிரதம் இருங்கள். ஆனால் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். சேலம் மாவட்டத்திலிருந்து வந்த காந்தியவாதி சசிபெருமாள், உண்ணாமலைக்கடையில் இருந்த மதுக்கடையை அகற்றக் கோரி கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி, 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார். எங்கிருந்தோ வந்து நம் மண்ணில் அவர் உயிர்விட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அந்த நிலைக்கு இன்னொருவர் போகாதபடி ஊர்க்காரர்களே நேரத்தோடு முன்வர வேண்டும்.

கடை அல்லாத மற்ற வாசல்கள்

டாஸ்மாக்கைத் தடுத்துவிட்டோம் என்று மூச்சுவிடும்போது அதே கட்டிடத்தில் ‘மனமகிழ் மன்றம்’ என்று பலகை மாட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. இது எஃப்.எல்.2 உரிமம், 1981 விதிகளின் கீழ் வருகிறது. உரிமம் தருவது சென்னையிலுள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர் அலுவலகம். ஆகவே ஆட்சேபத்தை ஆட்சியரோடு அவருக்கும் அனுப்ப வேண்டும். மன்றம் என்பது உறுப்பினர்களுக்கும் அவர்களோடு வரும் விருந்தினர்களுக்கும் மட்டுமானது. வழியில் போகிறவரெல்லாம் உள்ளே போய்க் குடித்துவிட்டு வந்தால் அது உரிம மீறல். உறுப்பினர் பதிவேட்டை ஆய்வு செய்யச் சொல்லி எழுதுங்கள். உரிமத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருப்பதால், புதுப்பிக்கும் நேரத்தில் ஆட்சேபம் கையில் இருப்பது பலன் தரும்.

எஃப்.எல்.3 என்பது நட்சத்திர ஹோட்டல் பார். கன்னியாகுமரியில் சுற்றுலாவைக் காட்டி இதைக் கேட்பார்கள், இதற்கும் வழி அதேதான்.

கல்யாண மண்டபம் பற்றிப் பலருக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது. 2023-இல் எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமத்தைக் கொண்டுவந்தபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே அதை நீக்கிவிட்டார்கள். பன்னாட்டு, தேசிய அளவிலான மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் என்று சுருங்கியது. ஆகவே உங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாண விருந்துக்கு மது பரிமாற இந்த உரிமம் இடம் தராது.

எல்லையோரம்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளச் சட்டம், இந்தப் பக்கம் நம் சட்டம். அங்கே கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது, இங்கே கள் 1987 முதல் தடை. அங்கிருந்து மதுவோ கள்ளோ அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். மலையாளச் செய்தியில் வரும் தூர விதியை வைத்து இங்கே மனு எழுதாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் அக்கானி (பதநீர்) போதைப் பொருள் அல்ல. மதுவை எதிர்க்கிற வேகத்தில் பனையேறிகள்மீது யாரும் புகார் கொடுத்துவிட வேண்டாம். மிச்சமிருக்கும் கொஞ்சம் பேரின் பிழைப்பு அது.

கடை பூட்டிய நேரத்தில் வீட்டில் வைத்து விற்பது, கள்ளச்சாராயம் ஆகியவற்றுக்கு ஆட்சியரைத் தேடிப் போக வேண்டாம். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு காவல்துறைக்கு 10581 என்ற எண்ணில் சொல்லுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. தண்டனை 10 ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் வரை உயர்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும். 21 வயதுக்கு உட்பட்டவருக்கு மது விற்பதும் விதிமீறல். பள்ளிப் பிள்ளைகள் கையில் பாட்டிலைப் பார்த்தால் எந்தக் கடை, எந்த நேரம் என்று குறித்து எழுதிக் கொடுங்கள்.

ஆணை கிடைத்த பிறகு

கடையை மாற்ற ஆணை வந்தால் அதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். தேதி தாண்டினால் மறுநாளே நினைவூட்டு மனு, அதன்பின் வழக்கறிஞர் அறிவிப்பு. எந்த இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று விசாரித்து, அந்த ஊர்க்காரர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். வரைபடம், ரசீதுகள், பதில்கள், ஆணை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து இரண்டு நகல் எடுங்கள். ஒன்று ஆலயம் அல்லது பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொன்று ஊரில் நிரந்தரமாக இருக்கும் ஒருவர் வீட்டில். கமிட்டி மாறும்போது கோப்பையும் கணக்கோடு சேர்த்துப் புதியவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.